பாதியில் நிற்கும் 1969 கேமரோவை விற்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். மிச்சிகனில் வசிக்கும் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் அரிசோனாவிலிருந்து ஒரு 1969 செவ்ரலே கேமரோவை வெறும் கூடாக வாங்கி, பழைய உடலுக்குள் புதிய இயந்திரங்களைப் பொருத்தும் ரெஸ்டோமாட் வேலையைத் தொடங்கியிருக்கிறார். எல்எஸ்3 என்ற நவீன வி8 எஞ்சினும் டிரெமெக் டி56 மேக்னம் கியர்பாக்ஸும் புதிதாக வாங்கிப் பொருத்தப்பட்டுள்ளன. முன்பக்கத்தில் எஞ்சினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம், டெட்ராய்ட் ஸ்பீடு நிறுவனத்துடையது, இருக்கிறது. பின்பக்கத் தகடுகள் மாற்றப்பட்டு, உடல் முழுவதும் பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமரில் நிற்கிறது. வயரிங் பாதியில் இருக்கிறது, உட்புறப் பொருள்கள் அனைத்தும் பெட்டிகளில் கிடக்கின்றன. இதுவரையிலான ரசீதுகளின் கூட்டுத்தொகை 78,000 டாலர். வேலை மாற்றலால் ஊரைவிட்டுப் போக வேண்டியிருப்பதால், முடித்து விற்பதா, அப்படியே விற்பதா, பிரித்து விற்பதா, என்ன விலை சொல்வது, எங்கே விற்பது என்று கேட்கிறார்.

என் பதில்: காரை முடிக்க வேண்டாம், ஆனால் இன்று இருக்கும் நிலையிலேயே விற்கவும் வேண்டாம். பாதி கட்டிய வீட்டை வாங்க வருகிறவர், எழும்பி நிற்கும் சுவரைப் பார்த்து விலையைக் கூட்டுவதில்லை. அடித்தளத்தில் என்ன கம்பி போட்டார்கள் என்பது தெரியாததால் விலையைக் குறைக்கிறார். முடியாத காரிலும் இதுவே நடக்கிறது. ஆகவே விற்பனைக்கு முன் உங்களிடம் இருக்கும் நேரத்தையும் பணத்தையும், வேலையை முன்னே நகர்த்துவதற்குச் செலவிடாமல், வாங்குபவரின் சந்தேகத்தைத் தீர்ப்பதற்குச் செலவிடுங்கள். கீழே சொல்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதான்.

முதலில் அந்த 78,000 டாலரை மனத்திலிருந்து இறக்கிவைக்க வேண்டும். ரசீதுகள் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதற்குச் சான்று. கார் என்ன விலை பெறும் என்பதற்கு அவை சான்று அல்ல. டிங்கரிங் கடைக்குக் கொடுத்த கூலியில் பெரும்பகுதி திரும்பாது, ஏனெனில் அந்த வேலை நன்றாகச் செய்யப்பட்டதா என்பதை பிரைமருக்கு மேலிருந்து யாராலும் முழுமையாகச் சொல்ல முடியாது. பெட்டியில் திறக்காமல் இருக்கும் பாகம்கூட இரண்டாம் கை விலைக்கே மதிக்கப்படும். கையால் வெட்டி ஒட்டிச் செய்த தனித்துவமான அமைப்புகளுக்கு இன்னும் குறைவாகவே கிடைக்கும், ஏனெனில் அது உங்கள் ரசனை, அவருடையதன்று. இந்த வகையில் உங்கள் தேர்வுகள் நல்லவை. 1969 கேமரோவின் பின்பாதி ஒற்றைக்கூட்டு உடலாகவும், முன்பாதி போல்ட்டில் இணையும் தனிச் சப்ஃபிரேமாகவும் இருப்பதால், பெயர்பெற்ற நிறுவனத்தின் சப்ஃபிரேமைப் போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பது வாங்குபவரை அச்சுறுத்தாது. பின்சக்கரக் கூண்டுகளை அகலமாக வெட்டும் வேலையை நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள்; வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த பொருளை நட்டத்துக்கு விற்றால், அந்த நட்டத்தை அமெரிக்க மத்திய வருமான வரியில் கழிக்க முடியாது. அந்த ஆறுதலும் இல்லை.

விலையை எப்படிக் கணக்கிடுவது? வாங்குபவர் தலைக்குள் போடும் கணக்கை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். பின்வரும் தொகைகள் கணக்கின் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் பகுதியின் கடைக்கூலியையும் அண்மை விற்பனைகளையும் வைத்து உங்கள் எண்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். இதே அமைப்புள்ள முடிந்த கார் 1,10,000 டாலருக்கு விற்கிறது என்று கொள்வோம். மீதமுள்ள உடல் வேலைக்கும் பெயிண்டுக்கும் 30,000, உட்புறம், கண்ணாடி, ரப்பர் பீடிங்குகளுக்கு 14,000, வயரிங், எரிபொருள் குழாய், எக்ஸாஸ்ட், சக்கர ஒழுங்குக்கு 9,000 என்றால் மொத்தம் 53,000. தெரியாதவற்றுக்காக அவர் அதன்மேல் 20 சதவீதம், அதாவது 10,600 சேர்ப்பார். கையில் நிற்பது 46,400. ஓராண்டு அலைச்சலுக்காக 6,000 கழித்தால், அவர் தரத் துணியும் தொகை ஏறத்தாழ 40,000 டாலர்.

இப்போது அதே கார் தானாக ஸ்டார்ட் ஆகி, தன் சக்தியில் நகர்ந்து, பிரேக் பிடித்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,000 என்பது 2,000 ஆகிறது. சந்தேகத்துக்கான 20 சதவீதம் 10 ஆகச் சுருங்குகிறது. கணக்கு 53,000 டாலரைத் தாண்டி நிற்கும். அந்த 7,000 டாலர் வேலையை நீங்களே செய்துகொண்டால் செலவு அதிலும் குறையும், விலை ஏற்றமோ 13,000. காரை முழுதாக முடிப்பதில் இத்தகைய லாபம் எங்கும் கிடையாது. ஆகவே நிறுத்த வேண்டிய இடம் இதுதான்: ஓடும், திரும்பும், நிற்கும் நிலை.

உங்கள் எஞ்சினுக்கு அது எட்டாத இலக்கு அன்று. எல்எஸ்3 என்பது 6.2 லிட்டர் எஞ்சின். பெட்டியில் அடைத்துப் புதிதாக விற்கப்படும் அதன் அடிப்படைக் கிரேட் வடிவம் 430 குதிரைத்திறன் தரும். அதை ஓட்டுவதற்குக் காரின் முழு வயரிங்கும் தேவையில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு தனியாக ஒன்று (ஹோலி டெர்மினேட்டர் எக்ஸ் போன்றது), எஞ்சினுக்குரிய ஹார்னஸ் என்னும் கம்பித் தொகுப்பு, சரியான அழுத்தம் தரும் எரிபொருள் பம்ப், கசியாத ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் ஆகியவை போதும். பிரேக்கில் மட்டும் குறுக்கு வழி வேண்டாம். டிரெய்லரில் ஏறும்போது நிற்காத காரால் ஆபத்துதான் மிஞ்சும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டையும், எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரையும், கார் கேரேஜிலிருந்து வெளியே வந்து மீண்டும் உள்ளே போவதையும் வெட்டில்லாமல் ஒரே காணொளியாகப் பதிவுசெய்து வையுங்கள்.

வயரிங் குறித்து எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாதி இழுத்த வயரிங்கைவிட இழுக்காத வயரிங் மேல். வேறொருவர் பாதியில் விட்ட கம்பிகளைப் பின்தொடர்ந்து, எது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதை எந்த வேலைக்காரரும் விரும்ப மாட்டார். பெரும்பாலோர் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள், அந்தச் செலவை உங்கள் தலையில் எழுதுவார்கள். எஞ்சினுக்கு வேண்டியதை முழுமையாக முடியுங்கள். மற்றதை, சுற்றுகள் ஒவ்வொன்றாக முடிக்க நேரமில்லை என்றால், கழற்றி அதன் விளக்கப்படத்தோடு பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.

பெயிண்ட் அடித்தால் கார் கண்ணுக்கு நிறைவாக இருக்குமே என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். வாங்குபவருக்கு வேறு நிறம் வேண்டியிருக்கலாம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், அவசரத்தில் அடித்த பெயிண்ட் எதையோ மறைக்கவே அடிக்கப்பட்டது என்ற எண்ணத்தைத் தரும் என்பது. எபாக்சி பிரைமர் ஈரத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். அதன்மேல் தடிமனாகத் தெளிக்கும் ஃபில்லர் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். எனவே எபாக்சியோடு நிறுத்திய இடம் சரியான இடம். வெயில் படாமல் கேரேஜுக்குள் வைத்திருந்தால் போதும். கதவு, போனட், டிக்கி ஆகியவற்றைப் போல்ட் போட்டுத் தொங்கவிட்டு, இடைவெளிகள் ஒரே சீராக இருக்கின்றன என்று காட்டுவது பெயிண்டைவிட அதிகம் பேசும்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிச்சிகன் என்ற சொல்லைக் கேட்டதுமே வாங்குபவர் சாலையில் கொட்டும் உப்பை நினைப்பார். காரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அரிசோனாவில் கழிந்தது என்றால், அதைச் சொல்வதோடு நில்லாமல் பழைய பதிவுத் தாள்கள், காப்பீட்டுச் சீட்டுகள், நீங்கள் காரை இறக்கிய நாளின் படங்கள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் காட்டுங்கள். முதல் தலைமுறைக் கேமரோவில் அனுபவமுள்ளவர் நேராகப் போய்ப் பார்க்கும் இடங்கள் உண்டு: பின்கண்ணாடியைச் சுற்றிய தகடு, டிக்கித் தரை, பின்பக்கத் தகடுகளின் அடிப்பகுதி, சப்ஃபிரேம் உடலோடு சேரும் இடங்கள், இலைவில்லின் முன்முனை மாட்டும் குழி, எல்லாவற்றுக்கும் மேலாக முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் கவுல். கவுல் உள்ளுக்குள் அரித்திருந்தால் வெளியே தெரியாது. உங்கள் காரில் இப்போது கார்பெட் இல்லை என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு குடுவைத் தண்ணீரைக் கவுலுக்குள் மெதுவாக ஊற்றினால், அது இரு பக்கமும் முன் ஃபெண்டர்களுக்குப் பின்னால் வடிந்து தரையில் விழ வேண்டும். உள்தரைத் தகட்டில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. இதைப் படம்பிடித்து வைத்தால், கவுல் நன்றாக இருக்கிறது என்று பத்து வரி எழுத வேண்டிய தேவையே இராது. சொட்டினால், அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்; எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிங்கரிங் நடந்தபோது எடுத்த படங்கள் இந்தக் காரின் மிக மதிப்புள்ள துணைப்பொருள். பழைய தகடு வெட்டியெடுக்கப்பட்ட நிலை, உள்ளிருந்த சக்கரக்கூண்டு, புதிய தகட்டை ஒட்டிய வெல்டிங், அதன்மேல் பட்டி எவ்வளவு போடப்பட்டது என்பவை தேதி வரிசையில் இருந்தால், பிரைமர் ஒளிபுகும் பொருளாகிவிடும். உங்களிடம் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். வேலைக்கு இடையில் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது பெட்டிகள். இந்த வேலையை யாரும் விரும்புவதில்லை, ஆனால் முடியாத கார்களின் விற்பனை பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. கேரேஜ் மூலையில் அடுக்கிய அடையாளமற்ற அட்டைப்பெட்டிகளைக் காட்டி எல்லாம் இருக்கிறது என்று சொன்னால், பாதி இல்லை என்று வாங்குபவர் எடுத்துக்கொள்வார். அவர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இடுங்கள். உள்ளிருப்பதைத் தரையில் பரப்பி ஒரு படம் எடுங்கள். புதியது, பழையது ஆனால் பயன்படும், பழுதுபார்க்க வேண்டியது என்று ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். அதைவிட முக்கியம், இல்லாதவற்றின் பட்டியல். கதவுக் கண்ணாடியின் ஓட்டத் தண்டுகள், வைப்பர் மோட்டார், கதவுக் கீலின் போல்ட்டுகள், டிக்கிப் பூட்டின் கொக்கி என்று சிறியவைதான் மறக்கப்படும். உங்கள் கார், முன்விளக்குகள் மறைந்திருக்கும் ஆர்எஸ் வகை என்றால் முன்விளக்கை மூடும் கதவுகளும், அவற்றை வெற்றிட விசையால் இயக்கும் உறுப்புகளும் முழுமையாக இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். அந்தத் தொகுப்பில் ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். இல்லாதவற்றை நீங்களே எழுதித் தருவதால் விலை குறையும் என்று அஞ்ச வேண்டாம். 1969 கேமரோவுக்கு ஏறக்குறைய எல்லாப் பாகமும் மறு உற்பத்தியில் கிடைக்கிறது, டைனகார்ன் நிறுவனம் முழு உடலையே செய்து விற்கிறது. ஆகவே இல்லாத பாகத்தின் விலை தெரிந்த விலை. இதுவே பாகங்கள் எளிதில் கிடைக்காத, ஏஎம்சி நிறுவனத்தின் ஏஎம்எக்ஸ் போன்ற காராக இருந்திருந்தால் ஒரு விளக்கு வளையம் காணாமற்போனதுகூடப் பெரிய சிக்கலாகியிருக்கும், என் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

காரின் அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும். 1969-இல் வின் எண், அதாவது வாகன அடையாள எண், 17 இலக்கமன்று. அந்த ஒழுங்கு 1981-இல்தான் வந்தது. உங்கள் காரில் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும்: 1 என்பது செவ்ரலே, அடுத்த 24 என்பது வி8 கேமரோ, 37 என்பது கூபே, 9 என்பது 1969, அதன்பின் வரும் எழுத்து ஆலை, என் என்றால் ஒஹாயோவின் நார்வுட், எல் என்றால் கலிஃபோர்னியாவின் வேன் நைஸ். அந்த எண்ணின் ஒரு பகுதி எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் இடையிலான ஃபயர்வால் சுவரில் ஹீட்டர் பெட்டி மறைக்கும் பகுதியிலும், கவுல் மூடிக்குக் கீழேயும் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் படமெடுத்து டேஷ் தகட்டோடும், உரிமைப் பத்திரமான டைட்டிலோடும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். வின் தகட்டை ரிவெட்டோடு கழற்றி வைத்திருக்கும் கார்களைக் கண்டால் நான் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன். அந்த எண்ணைச் சட்டவிரோதமாக அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் மத்திய அரசின் குற்றவியல் சட்டத்துக்குள் வருகிறது. இன்னொரு எச்சரிக்கை: கார், அதிக விலை பெறும் வேகவகைகளான எஸ்எஸ் வகையா, இசட்28 வகையா என்பதை 1969-இன் வின் எண் சொல்லாது. நார்வுட்டில் கட்டிய சில கார்களின் ஃபயர்வால் தகட்டில் உள்ள எக்ஸ் குறியீடு அதற்கு உதவும். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்28-ஐக் குறிப்பவை. சான்று இல்லாமல், கிரில்லில் ஒட்டிய எழுத்தை நம்பி அந்தப் பெயரில் விற்காதீர்கள்.

கூட்டுக்குரிய பழைய எஞ்சினோ, அக்காலத்து மன்சி கியர்பாக்ஸோ, 12 போல்ட் பின் ஆக்சிலோ காரோடு வந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால், எஞ்சின் பிளாக்கில் பொறித்த இலக்கங்கள் காரின் வின் எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அதைக் காரோடு சேர்த்தே விற்க வேண்டும். நாளை யாரேனும் பழைய நிலைக்கே திருப்ப விரும்பினால் அந்த ஒரு பொருளுக்காகவே உங்கள் காரைத் தேர்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் தனியாக விற்றுப் பணமாக்கலாம்.

எல்லாவற்றையும் பிரித்து விற்பது தாளில் எப்போதும் அதிகத் தொகை காட்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், சப்ஃபிரேம் மூன்றும் விரைவாகப் போய்விடும். உங்களிடம் மிஞ்சுவது நகராத ஒரு கூடு. ஊரைவிட்டுப் போகிறவருக்கு அது தோதுப்படாது. உடலில் பெருந்துரு கிடைத்தாலோ டைட்டில் சிக்கல் தீராவிட்டாலோ மட்டும் அந்த வழியை யோசிக்கலாம்.

எங்கே விற்பது என்பதில், ஸ்காட்ஸ்டேலில் பாரெட் ஜாக்சன் நடத்துவது போன்ற பெருமேடை ஏலங்களை விட்டுவிடுங்கள்; அங்கே வெளிச்சத்துக்குக் கீழே மின்னும் கார்கள்தான் போகும். பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலத்தில் வேலை முடியாத திட்டநிலைக் கார்களும் விற்கின்றன. அங்கே நூறு பேர் நுணுக்கமான கேள்வி கேட்பார்கள் என்பதால், மேலே சொன்ன படங்களும் பட்டியலும் உள்ளவருக்கு அது நல்ல களம், இல்லாதவருக்குத் தண்டனை. வாங்குபவர் செலுத்தும் கட்டணத்தை அவர் ஏலம் கேட்கும்போதே மனத்தில் கழித்துக்கொள்வார் என்பதை மறக்க வேண்டாம். 1954-இல் தொடங்கிய பழைய கார் இதழான ஹெம்மிங்ஸின் விளம்பரங்கள், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பென்சில்வேனியாவின் கார்லைலில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கூடும் ஸ்வாப் மீட் என்னும் பழைய கார், பாகச் சந்தை ஆகியவையும் உண்டு. உங்கள் நிலையில் நான் முதலில் டெட்ராய்ட் சுற்றுவட்டத்திலேயே தேடுவேன். ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் கூடும் பழைய கார் அணிவகுப்பான டிரீம் குரூஸுக்கு முந்தைய வாரங்களில், இந்தக் கார்களை அறிந்தவர்கள் அந்தப் பகுதியில் நிறைந்திருப்பார்கள். நேரில் வந்து தொட்டுப் பார்க்கிறவர் படம் பார்த்துக் கேட்பவரைவிடக் கூடுதலாகத் தருவார். குளிர்காலத்தில் அங்கே யாரும் அவசரப்பட்டு வாங்க மாட்டார்கள். கார் கட்டும் கடைகளும் வாங்கும்; பணம் விரைவாக வரும், தொகை குறைவாக வரும்.

விளம்பரத்தில் முதலில் காரின் நிலை, அடுத்து இல்லாதவை, அதன்பிறகு செய்தவை என்று எழுதுங்கள். வாரயிறுதி இரண்டில் முடித்துவிடலாம் என்ற சொற்றொடரை எழுதவே வேண்டாம். அப்படியானால் நீங்கள் ஏன் முடிக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். விற்கும் காரணத்தை ஒரே வரியில் உண்மையாகச் சொன்னால் போதும்.

ஆவணங்களில் டைட்டில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றாமலே அடுத்தவருக்குக் கைமாற்றுவது சட்டவிரோதம். இன்னும் மாற்றவில்லை என்றால் விளம்பரத்துக்கு முன் வாகனப் பதிவைக் கவனிக்கும் மிச்சிகன் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் அதை முடித்துவிடுங்கள். எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை. நியூயார்க் 1972 வரையிலான மாடல்களுக்கு டைட்டிலுக்குப் பதிலாக மாற்றத்தக்க பதிவுச் சான்றையே தருகிறது. எனவே வெளிமாநிலத்தவர் வாங்கினால், தம் ஊரில் எது செல்லும் என்பதை அவரே முன்கூட்டி விசாரிக்கட்டும். டிங்கரிங் கடைக்கு நிலுவை இருந்தால் அடைத்து, பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். கட்டாத கூலிக்காகக் காரின்மீது கடைக்காரர் பற்றுரிமை (பாக்கி தீரும்வரை காரைப் பிணையாகப் பிடிக்கும் உரிமை) கோரச் சட்டம் பொதுவாக இடம் தருகிறது. 2010 வரையிலான மாடல்களுக்கு ஓடிய தூரத்தை எழுதித் தரும் மத்திய அரசின் ஓடோமீட்டர் அறிவிப்பு தேவையில்லை. விற்பனைப் பத்திரத்தில் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்ற வரியோடு பெட்டிகளின் பட்டியலையும், இல்லாதவற்றின் பட்டியலையும் இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த வரி மட்டும் தெரிந்தே சொன்ன பொய்யிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

பணம் வாங்கும்போது வாங்குபவரின் வங்கிக் கிளைக்கே உடன் சென்று வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் காசாளர் காசோலையை உங்கள் கண்ணெதிரே பெறுவதோ, வயர் பரிமாற்றம் வந்து சேர்ந்ததை உங்கள் வங்கியிடம் உறுதிசெய்துகொள்வதோதான் நல்லது. அஞ்சலில் வந்த காசாளர் காசோலை, அதிலும் கேட்ட விலைக்குமேல் எழுதி மீதியை வண்டி ஏற்றுபவருக்கு அனுப்பச் சொல்வது, பழகிப்போன மோசடி. ரொக்கமாகத் தந்தால், 10,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி அறிக்கை தாக்கல் செய்யும். அதில் உங்களுக்கு எந்தத் தீங்கும் இல்லை. அறிக்கையைத் தவிர்க்கத் தொகையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துப் போடுவதுதான் குற்றம்.

வண்டியை ஏற்றிச் செல்பவர் ஓடாத காருக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்; ஓடும் நிலைக்குக் கொண்டுவந்ததன் பயன் அங்கும் கிடைக்கும். வாங்குபவர் ஸ்வீடனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்தால், கப்பலேற்றுவதற்கு 72 மணி நேரத்துக்கு முன் டைட்டில் ஆவணம் அமெரிக்கச் சுங்கத்துறையிடம் போய்ச் சேர வேண்டும் என்பதால், அதற்கேற்ப நாள் குறியுங்கள். பெட்டிகளைக் காருக்குள் திணிக்காமல் தனிப் பலகைத் தட்டில் கட்டி, எண் வரிசைப்படி அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகு ஏற்றுங்கள். நம்பர் பிளேட் மாட்டியிருந்தால் கழற்றிக்கொள்ளுங்கள். மிச்சிகனில் அது உரிமையாளருக்கே உரியது. கார் உங்கள் வாசலைக் கடந்து, கையெழுத்திட்ட டைட்டிலின் இருபக்க நகலும் உங்களிடம் இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே காப்பீட்டை நிறுத்துங்கள்.